சாரதி மட்டும் நீண்ட வரிசையில்

இன்று மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு வான் வண்டியில் போனேன்.

ஓட்டியவர் ஜெராட் அண்ணை. ஜெர்மனியிலிருந்து தம்பி அனுப்பிய கார்ப் புத்தகம் அவருக்கு மனப்பாடம்.

“அங்கத்தைக் காரின்ர பேரில முதல் எழுத்தைப் பாத்தா கார் சின்னனோ பெரிசோ எண்டு தெரியும். பின்னால வாற நம்பர் எஞ்சினைச் சொல்லும். ஆனா இப்ப நம்பரைப் பெரிசாப் போட்டுட்டு...”

அதற்குள் சோதனைச்சாவடி வந்தது. எல்லோரும் இறங்கினோம்.

அங்கே அடையாள அட்டையில் பிறந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். மன்னாரில் பிறந்த எங்களுக்குச் சின்ன வரிசை. கிளிநொச்சியில் பிறந்த அண்ணைக்கு நீண்ட வரிசை. இருபது வருடமாக மன்னாரில் வான் ஓட்டுகிறார் என்பது அட்டையில் இல்லை.

பத்து நிமிடத்தில் நாங்கள் வானுக்குள் ஏறிவிட்டோம். சாரதி இல்லாமல் இரண்டு மணி நேரம் வெயிலில் வெந்தோம்.

“இனிப் போயும் கிளினிக்கில டொக்டர் நிக்கமாட்டார்” என்றார் பக்கத்து அக்கா.

ஒருவழியாக அண்ணை வந்தார். முகத்தைத் துடைத்தார். வானை எடுத்தார்.

“எங்க விட்டனான்? ஓம், நம்பர். அதை நம்பேலாது, உள்ளுக்குச் சின்ன எஞ்சினும் வைக்கிறாங்கள்.”

ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களே, முதல் தரப் பயணிகள் நிறைந்தும் அசையாமல் நின்ற எங்கள் வானை எந்த எழுத்தில் சேர்ப்பீர்கள்?