முனியைச் சுற்றிப் போகும் பாதை

என் வீட்டுத் துணிக்கொடியைத் தாங்கி நின்ற கம்பங்கள் இரண்டும் தண்டவாளத் துண்டுகள். இதைச் சொல்ல எனக்கு இப்போது பயமில்லை. போன வருஷம் கேட்டிருந்தால், இந்த மலையில் ஏது ரயில், ஏது தண்டவாளம் என்று உங்களையே மடக்கியிருப்பேன்.

அதில் பாதி உண்மைதான். கேமரன் மலைக்கு ரயில் வந்ததே இல்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் வர வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது டிராலி ரோடு. சரிவில் பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, குட்டித் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டிகளில் ஏற்றி ஃபேக்டரிக்குத் தள்ளிக்கொண்டு போவார்களாம். நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்பே லோரி வந்துவிட்டது, தள்ளுவண்டி நின்றுவிட்டது. நிர்வாகம் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது விட்டுப் போன துண்டுகளை, லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அது கோழிக்கூட்டுக்கு உத்தரம், ஒரு வீட்டில் வாசற்படி, என் வீட்டில் துணிக்கொடி. காலையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில், மணி என்று தொங்குவதும் அந்தத் தண்டவாளத்தில் ஒரு துண்டுதான்.

பாதை மட்டும் கிடந்தது. எங்கள் லயத்தின் பின்பக்கம் தொடங்கி, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, மெயின் ரோட்டில் பாய் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் போய் முடியும். வண்டி தள்ளுவதற்காகப் போட்டது என்பதால் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இந்த மலையில் அப்படி ஒரு சமதளம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் இடுப்பளவு புல் மண்டி, மழைக்கு அரித்து, பன்றியும் பாம்பும்தான் அதில் போய்வந்துகொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் லோரி டிரைவர். கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்குவார். மறுநாள் திரும்பி வந்ததும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாமாக் கடையில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களோடு தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேத்தண்ணி, குடிப்பார். எந்த வளைவில் எவன் லோரி சாய்ந்தது, தக்காளி என்ன விலைக்கு விழுந்தது என்று ஊர்க்கதை முழுக்க அங்கேதான் பேசி முடிப்பார்கள். மிச்சம் மீதிதான் எனக்கு வந்து சேரும். அதற்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போய், கை மட்டும் மெல்லத் திரும்பி வந்தது. கால் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்குப் போக வேண்டுமானால் படிக்கட்டு ஏற வேண்டும். செங்குத்தான படிக்கட்டு, மழை பெய்தால் பாசி. கொழுந்து எடுக்கும் பங்களாதேஷ்காரர்கள் நாலு பேர் வந்து அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள், ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை. இவர்தான் சுளித்தார்.

"பொணத்தத் தூக்குற மாதிரி நாலு பேரு தூக்குறாங்க" என்றார். அதோடு ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தீபாவளிக்குக் கூடக் கோயிலுக்கு வரவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். மாமாக் கடையை விடப் பிரமாதமாக வீட்டிலேயே தே தாரிக் ஆற்றித் தருகிறேன் என்று ஒருநாள் இரண்டு குவளையைத் தூக்கிப் பிடித்து ஆற்றி, பாதியைத் தரையில் கொட்டினேன்.

அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தேத்தண்ணி இல்ல புள்ள. அங்க போய் உக்காரணும்" என்றார்.

 குனிந்து தரையைத் துடைப்பதுபோல் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் துரை எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். அவர் அறைக்கதவில் மேனேஜர் என்று எழுதியிருக்கும், நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். சீனர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மனசு நேரானது. பழைய டிராலி ரோட்டைச் சுத்தம் செய்து, குருணிக் கல் போட்டு இறுக்கி, நடக்கிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் எல்லாருக்கும் பொதுப் பாதையாக ஆக்கப்போவதாகச் சொன்னார். தேயிலை பார்க்க வருகிற கூட்டம் ரோட்டோரத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு ஓடிவிடுகிறதாம், கொஞ்சம் நடக்கட்டும் என்றார். எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. சக்கரம் ஓடும் என்பது மட்டும் விழுந்தது.

கடைசியில் அவர் இன்னொன்றும் கேட்டார். பாதை தொடங்குகிற இடத்தில் ஞாபகத்துக்கு வைக்க, பழைய தண்டவாளம் யாரிடமாவது இருக்கிறதா என்றார்.  அவர் ஆசையாகக் கேட்டார், எங்களுக்கு அது விசாரணையாகப் பட்டது. அன்று சாயங்காலமே லயம் முழுக்க ஒரே வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்கூட்டு உத்தரத்தைச் சாக்குப்பையால் சுற்றினார். ஒருத்தி வாசற்படிமேல் பூந்தொட்டிகளை அடுக்கினாள். நான் துணிக்கொடிக் கம்பங்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தேன். பெரட்டு மணியைத்தான் யாராலும் மறைக்க முடியவில்லை, துரை அதன் கீழேயே நின்று பேசியிருந்தும் அவருக்கு அது தெரியவில்லை.

வேலை இரண்டு பக்கமிருந்தும் நடந்தது. புல் வெட்டினார்கள், குழிகளை நிரப்பினார்கள், சின்ன ரோலர் ஒன்று வந்து பகலெல்லாம் உறுமியது. இவர் பின்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்கொட்டாமல் பார்ப்பார். ரோலர் ஓட்டுகிறவனுக்கு கியர் மாற்றத் தெரியவில்லை என்று என்னிடம் குறை சொல்வார். அவர் குறை சொல்லிக் கேட்டு நாளாகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாதி வழியில், மலை மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் வளைவில், வேலை நின்றது. அங்கே முனியாண்டி இருக்கிறார். அந்த வளைவில் தள்ளுவண்டிகள் அடிக்கடி கவிழுமாம். வண்டி நின்றுபோன பிறகு, அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களே நடுப்பாதையில் ஒரு கல்லை நட்டு, சூலம் வைத்து, தகரக் கூரை போட்டுவிட்டார்கள். இனி வண்டியே வராது என்ற தைரியம். ஒரு பக்கம் தேயிலைச் செடிகள் நிற்கும் மண்மேடு, மறு பக்கம் ஆற்றை நோக்கி இறங்கும் பள்ளம். நடுவில் முனி.

பக்கத்திலேயே நல்ல சிமெண்ட் கோயிலாகக் கட்டித் தருகிறேன், சாமியை அங்கே மாற்றலாமா என்று துரை கேட்டார். எங்கள் கோயில் தலைவர் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். அது நாம் முடிவு செய்கிற காரியமில்லை, பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து சாமி முன்னால் போடுவோம். சின்னக் குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். தலைவர் கற்பூரம் காட்டி, "அப்பா முனியாண்டி, ஒன்னப் பேத்து வேற எடத்துல வைக்கலாமா" என்று கேட்டார். அவருடைய பேத்தி எடுத்தாள். சிவப்பு.

சாமி வேண்டாம் என்றால் வேண்டாம்லா என்று இந்த ஊர் 'லா' போட்டுத் துரை உடனே ஒத்துக்கொண்டார். முனிக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி. நடுவில் பள்ளத்து ஓரமாக ஒற்றையடித் தடம் இருக்கிறது, நடக்கிறவர்கள் அதில் போய்க்கொள்ளலாம் என்றார். எல்லாருக்கும் நிம்மதி. கால் இருக்கிறவர்களுக்கு அது போதும். சக்கரத்துக்கு அது போதாது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. மறுநாள் தோட்டத்து வேலை முடிந்ததும் நேரே முனியிடம் போனேன். எலுமிச்சம்பழம் கூட வாங்கிக்கொண்டு போகவில்லை. "ஒனக்கென்ன, ஒனக்குக் குதிர இருக்கு. நெனச்சா ஏறிப் போயிருவ. அந்த மனுஷனுக்கு என்ன இருக்கு? எத்தன வருஷம் ஒனக்கு ஹாரன் அடிச்சிட்டுப் போயிருப்பாரு" என்று கேட்டேன். ரோட்டோரத்தில் எந்த முனியைக் கண்டாலும் ஹாரன் அடிக்காமல் லோரியைக் கடத்த மாட்டார் அவர். அதையெல்லாம் சொல்லிக் காட்டினேன். திட்டித் தீர்த்த பிறகு பயமாகப் போய்விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். முனியோடேயே சண்டை போட்டாயா என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அவர எதுக்கு நகரச் சொல்றீங்க? ரோட்டு நடுவுல லோரி படுத்துட்டா நாமதானே ஒதுங்கிச் சுத்திப் போவோம். தள்ளிப் போன்னா சொல்லுவோம்?"

நான் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தேன். எல்லாரும் முனியிடம் இடத்தை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டோமே தவிர, உன்னைச் சுற்றிக்கொண்டு போகட்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் பாய்ந்தேன். தனக்காகக் கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டாராம்.

அவர் கேட்காவிட்டால் என்ன, எனக்கு வாய் இருக்கிறது. மறுநாள் காலை பெரட்டு முடிந்த கையோடு தலைவரையும் இழுத்துக்கொண்டு துரையிடம் போனேன். என் வீட்டுக்காரருக்காகத்தான் கேட்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னேன். மூன்று பேரும் வளைவுக்கு நடந்து போனோம். துரை மண்மேட்டைப் பார்த்தார், மேலே நின்ற தேயிலைச் செடிகளைப் பார்த்தார். ஒரு வரிசைச் செடி எடுத்து மேட்டை வெட்டினால் வழி கிடைக்கும் என்றார். கொழுந்து விடும் செடியைப் பிடுங்க எந்தத் துரைக்கும் மனசு வராது. கொஞ்ச நேரம் இலைகளைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, சரி, சாமியைக் கேளுங்கள் என்றார்.

மறுபடியும் பூக்கட்டினோம். இந்தத் தடவை, "ஒன்னத் தொடாம, ஒன்னச் சுத்திக்கிட்டு போகலாமா" என்று தலைவர் கேட்டார். பேத்திக்கு அவசரம், கற்பூரம் அணைவதற்குள் எடுத்துவிட்டாள். இலையைப் பிரிக்கும்போது நான் தலைவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வெள்ளை.

மேட்டை வெட்டிய பிறகு பள்ளத்துப் பக்கம் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. இரும்பு வந்து சேரத் தாமதமாகும், மழை வேறு வரப்போகிறது என்று துரை கவலைப்பட்டார். அடுத்த நாள் காலையில் கோழிக்கூட்டுக்காரர் தன் உத்தரத்தைத் தோளில் சுமந்து வந்து வளைவில் போட்டார். சாக்குப்பையைக் கூட அவிழ்க்கவில்லை. அதைப் பார்த்து வாசற்படி வந்தது, அதன் பின்னால் இன்னும் பல வந்தன. நானும் என் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். துரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என் கம்பத்தருகே நின்றார். "பச்சை நல்லா இருக்குலா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முனி முன்னால் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கோயில் சார்பில் மூன்று மொழியில் பலகை வைத்தோம். நான் பிரிஞ்சாங்கில் ராத்திரிச் சந்தையான பாசார் மாலாமில் ஒரு சைக்கிள் மணி வாங்கிவந்து என் வீட்டுக்காரர் நாற்காலிக் கைப்பிடியில் மாட்டினேன். எதற்கு இது, நான் என்ன சின்னப் பிள்ளையா என்றார். ஆனால் கழற்றவில்லை.

பாதை வேலை முடிந்ததும் ஒரு காலையில் கிளம்பினோம். பின்வாசல் சாக்கடைமேல் பலகை போட்டு, பாதை வரைக்கும் நான் தள்ளினேன். கல் இறுகிய இடம் வந்ததும் கையை எடு என்றார். எடுத்தேன். சக்கரத்தை அவரே பிடித்து உருட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். வளைவில் சைக்கிளில் வந்த சீனப் பிள்ளைகள் இரண்டு பேர் பலகையைப் படித்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் முனிக்கு நேரே நிறுத்தி மணியை அடித்தார். லோரி ஹாரன் அடிக்கிற அதே இரண்டு அடி.

"எல்லாரும் எறங்கிப் போறாங்க. நான் மட்டும் உக்காந்துக்கிட்டே போறேன். மன்னிச்சிருவாருலா" என்றார்.

மாமாக் கடையில் அவருடைய பழைய மேசையில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவர் மட்டும் ஓரத்து ஸ்டூலைக் காலால் நகர்த்தி இடம் விட்டார். கடைக்கார பாய் கேட்காமலேயே தே தாரிக்கைக் கொண்டுவந்து வைத்தார். தக்காளி விலையில் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் திரும்பினார்.

"நீ வீட்டுக்குப் போ. நான் வந்துக்குறேன்."

விழுந்துவிடுவார், கை வலிக்கும், மழை வரும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். தனியாக அந்தப் பாதையில் திரும்பி நடக்கும்போது கோபமா சந்தோஷமா என்று எனக்கே பிடிபடவில்லை. இத்தனை நாள் என் கையை எதிர்பார்த்திருந்த மனுஷன் என்னைப் போகச் சொல்லிவிட்டார். வளைவில் முனியைப் பார்த்து, இப்போது உனக்குத் திருப்திதானே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் துவைத்த துணி அப்படியே கிடந்தது. கொடிக்குக் கம்பம் இல்லை. செம்பருத்தி வேலிமேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன். உலை வைத்தேன், இறக்கினேன். பின்வாசலுக்கு எத்தனை தடவை போய்வந்தேன் என்று தெரியாது. மேகம் இறங்கிப் பாதையை மூடியது. போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று செருப்பைக் கூட மாட்டிவிட்டேன்.

அப்போது வளைவிலிருந்து மணி இரண்டு தரம் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே போய்ச் சோறு போட்டு வைத்தேன்.