பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு பழைய படத்தையாவது முழுதாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் வரச் சொல்லுங்கள், ஒரு சட்டை இலவசமாகவே தைத்துத் தருகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. தாய் சாகக் கிடப்பாள், மகன் பத்து வருஷம் கழித்து ஓடி வருவான், நான் தைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து, "நிறுத்து, நிறுத்து! கொஞ்சம் பின்னாடி போ!" என்று சத்தம் வரும். மகன் வந்து இறங்கிய காரின் பம்பரை இவர் சரியாகப் பார்க்கவில்லையாம். படம் பின்னால் போகும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். நான்காவது தடவை அந்தத் தாய் சாகும்போது எனக்கு அழுகை வராது. சீக்கிரம் போய்ச் சேரம்மா என்றுதான் இருக்கும்.

இத்தனைக்கும் இவரிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் வேலை. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் இவருக்குத்தான் போன் வரும். கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், உக்காந்துக்கோங்க" என்று மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். அதில் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது. நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வருகிற மனிதருக்கு, நேராக முன்னால் போகிற எதைப் பார்த்தாலும் ஆசை வந்துவிடுகிறதோ என்னவோ. ஒரே ஒரு தடவை லைசென்ஸ் வாங்கப் போனார். வண்டியை எடுத்த இரண்டாவது நிமிஷம் எதிரே ஒரு பழைய கார் வந்தது. இவர் கழுத்தைத் திருப்பி அதையே பார்க்க, ஓட்டிய வண்டி நேராகப் போய் லைசென்ஸ் ஆபீஸ் சுவரிலேயே முட்டி நின்றது. "ஆனா அது எந்த வருஷத்து மாடல்னு அந்த ஆபீசருக்குச் சொல்லிட்டுத்தான் இறங்கினேன்" என்று வீட்டுக்கு வந்து பெருமை வேறு.

வெளியே கூட்டிக்கொண்டு போகவும் பயம். என் பெரியப்பா இறந்தபோது துக்கம் விசாரிக்கப் போனோம். பெரியம்மா அழுதுகொண்டே, பெரியப்பா வாலிபத்தில் ஒரு கார் மேல் சாய்ந்து நிற்கும் போட்டோவைக் கொண்டு வந்து காட்டினாள். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இவர் அதை வாங்கி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பெரியம்மாவுக்கு மாப்பிள்ளை இப்படி உருகுகிறாரே என்று அழுகை அதிகமாகிவிட்டது. அப்புறம் வாயைத் திறந்தார். "பாவம், பின்னாடி பம்பரை மாத்தியிருக்காங்க." எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இவரைப் போலவே நானூறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பழைய படத்திலிருந்தோ, பழைய டிவி தொடரிலிருந்தோ ஒருவர் ஒரு காட்சியை எடுத்துப் போடுவார். மூலையில் ஒரு காரின் கால்வாசி தெரியும். அது என்ன கார், எந்த மாடல் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. சரியாகச் சொன்னால் நானூறு பேர் கை தட்டுகிற படம் அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்தக் கைதட்டலுக்கு இந்த மனிதர் சோற்றை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஹெட்லைட் போதும் இவருக்கு. சக்கரத்தின் நடுவில் இருக்கிற தகடு தெரிந்தால் இன்னும் சந்தோஷம். குழுவில் இவருக்கு 'லிஃப்ட்' என்று பெயர். லிஃப்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள்.

அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடிய ஒரே ஆள் 'ஜட்ஜ்'. அவர் உண்மையில் ஓய்வு பெற்ற பல் டாக்டர். எல்லா வாக்குவாதத்திலும் கடைசியில் வந்து தீர்ப்புச் சொல்வதால் அந்தப் பெயர். குழுவைத் தொடங்கியவரும் அவர்தான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை யாரோ ஒரு படம் போட்டார்கள். ஒரு கார் சாய்வாக நிற்கிறது, பின்பக்கமும் வலது பக்கமும் தெரிகின்றன. பின் கண்ணாடியில் திரை போட்டிருப்பதால் உள்ளே ஒன்றும் தெரியாது. நம்பர் பலகையை ஒரு பெட்டி மறைக்கிறது. காரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வில்லன் சிகரெட் பிடிக்கிறான். இவர் பார்த்த மாத்திரத்தில், பின்விளக்கு வட்டமாக இருக்கிறது, அதனால் அந்தக் காரின் இரண்டு மாடலில் இது முந்தினது என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஜட்ஜ் நிதானமாக வந்தார். விளக்கை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம், பெட்ரோல் ஊற்றுகிற மூடியைப் பாருங்கள் என்றார். முந்தின மாடலில் மூடி இடது பக்கம், அடுத்த மாடலில்தான் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். படத்தில் மூடி வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது.

அத்தோடு சரி என்று போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? கார் நிற்கிற தோரணை, தரையிலிருந்து அதன் உயரம், எல்லாம் முந்தின மாடல்தான், என் கண் தப்பாது, ஞாயிறு கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் குழுவை விட்டே போய்விடுகிறேன் என்று நானூறு பேர் முன்னால் எழுதிவிட்டார். நானூறு பேரும் சிரிக்கிற படம் அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி டிவியில் போட்டு வைத்திருப்பார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த மூடியைப் பார்ப்பார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் அந்த மூடியைப் பார்ப்பார். எவ்வளவு பார்த்தாலும் மூடி வலது பக்கம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. நான் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கண் வலித்தது என்று நிமிர்ந்தேன். எதிரே டிவி முழுக்க அந்த வில்லன். 'எந்தக் கடங்காரன் இவனுக்குச் சட்டை தைத்தான்?' என்றுதான் முதலில் தோன்றியது. பை வலது மார்பில் இருக்கிறது. ஆம்பளை சட்டைக்குப் பொத்தான் போடும்போது இடது பட்டி மேலே வர வேண்டும், காஜா அதில்தான் இருக்கும். இவனுக்கு வலது பட்டி மேலே வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய படத்தில் தையல்காரன் ஒருத்தன் இல்லாமலா போய்விட்டான் என்று நினைத்தவள், அப்படியே ஊசியை நிறுத்தினேன். இந்த மாதிரி சட்டையை நான் தினமும் பார்க்கிறேன். அளவு சரியா என்று பார்க்க வருகிறவர்கள் என் நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கும்போது கண்ணாடிக்குள் இப்படித்தான் தெரியும்.

சினிமாக்காரர்கள் ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வில்லன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, இடதை வலதாக்கிவிட்டார்கள். அப்படியானால் அந்த மூடி இருப்பது இடது பக்கம். இவர் சொன்னதுதான் சரி. நானூறு பேர் அந்தக் காரைத் துளைத்துத் துளைத்துப் பார்த்தார்களே, அதன் மேல் சாய்ந்து நிற்கிற மனிதனை ஒருத்தராவது பார்த்தார்களா!

வாயைத் திறந்தேன். "என்னங்க..."

"என்ன?" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட வாங்க."

ஆமாம், சொல்லவில்லை. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருஷம்! இன்னும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குழு போய்விடும், பம்பர் போய்விடும், நானும் மனுஷி மாதிரி உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பேன். நானாகவா அவரைச் சபதம் போடச் சொன்னேன்?

மகளிடம் மட்டும், அப்பா குழுவை விட்டால் வீட்டுக்கு நல்லதுதான் என்று ஜாடையாகச் சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வாசலில் நின்று சிரித்தாள். "நல்லா யோசிச்சுக்கோம்மா. நானூறு பேர் பங்கு போட்டுக் கேக்கறதை இனிமே நீ ஒருத்தியே கேக்கணும்."

அவள் சொன்னது நடக்கவில்லை. அது நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாவது வாரம் பிறந்ததும் இவர் டிவியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. போன் மணி அடித்தால் லிஃப்ட் கம்பெனியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு பழைய படம் போட்டேன். இவரும் வந்து உட்கார்ந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு. முதல் காட்சியிலேயே கார் வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தமில்லை. கல்யாண வீட்டு வாசலில் ஏழெட்டுக் கார் வரிசையாக நின்றது. சத்தமில்லை. கதாநாயகி அழுதாள், அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், படம் எங்கேயும் நிற்கவில்லை, பின்னால் போகவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் மலைப்பாதையில் ஒரு நீளமான வெள்ளை வண்டி வந்தபோது பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"இது என்ன வண்டிங்க?"

"ஏதோ ஒரு வண்டி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. படம் முடிந்தது. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்றுகூட எனக்கு மனசில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, என் தையல் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "இதக் கொஞ்சம் கேளு, சரியா இருக்கான்னு சொல்லு" என்று போனைப் பார்த்துப் படித்தார். "அன்பர்களே, ஜட்ஜ் சொன்னதே சரி. என் கண்ணுக்கு வயதாகிவிட்டது. ஆறு வருடங்கள் என் பேச்சையும் மதித்துக் கேட்டீர்கள். எனக்கு வேறு எங்கும் அது கிடைத்ததில்லை. நன்றி." படித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஜலதோஷம்" என்றார்.

வேறு எங்கும் கிடைத்ததில்லையாம். நான் குத்துக்கல் மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இவரையா, என்னையா?

"எழுந்திருங்க!" என்று கையைப் பிடித்து நிலைக்கண்ணாடி முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். "உங்க சட்டைல பை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். உனக்கு என்ன ஆச்சு?"

"கண்ணாடிக்குள்ள நிக்கிற ஆளுக்கு?"

பார்த்தார். "வலது பக்கம்" என்றார். "அதுக்கென்ன?"

"ஐயோ, இத்தனை விவரம் தெரிஞ்ச மனுஷனுக்கு இது தெரியலையே! அந்த வில்லன் சட்டைல பை எந்தப் பக்கம் இருக்குன்னு போய்ப் பாருங்க."

போனில் படத்தை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் சொல்ல முடியாது, நான் மாலையும் கழுத்துமாக நின்ற அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. "திருப்பிப் போட்டிருக்கான்!" என்று கத்தினார். "திருப்பிப் போட்டிருக்கான்டி!" ஒற்றை விரலால் எழுதுகிறவர், அவசரத்தில் இரண்டு தடவை அழித்து எழுதினார்.

குழுவில் நாற்பது நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. ஜட்ஜ் அந்தச் சினிமாவையே தேடி எடுத்து, அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அப்புறம் தீர்ப்பு வந்தது: "இதற்கு முந்தின காட்சியில் அதே சட்டையில் பை இடது பக்கம் இருக்கிறது. இந்தக் காட்சி இடம் வலம் மாறியிருக்கிறது. லிஃப்ட் சொன்ன மாடலே சரி. என் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். சட்டையைக் கவனித்த கண் யாருடையது?"

"என் மனைவியுடையது" என்று இவர் எழுதினார். கை தட்டுகிற படங்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின. ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டி நீட்டிக் காட்டினார். எல்லாம் ஒரே படம்தான். ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

ஆரவாரம் அடங்கியதும் போனைக் கீழே வைத்தார். யோசித்தார். மனுஷன் விவரமானவர் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா?

"அந்தப் படம் டிவில போன வாரம்தானே இருந்தது?" என்றார். "நீ எப்ப பாத்த?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. "போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை" என்றேன்.

விரலை மடக்கி எண்ணினார். "ஒன்பது நாள்."

"ஆமா."

"நான் குழுவை விட்டா நிம்மதியா படம் பாக்கலாம்னு இருந்தியா?"

"ஆமாங்க. தப்புதான்."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். ஒரு பம்பரையும் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து ஒரு படம் முழுசா பாத்தியே" என்றார். "எப்படி இருந்தது?"

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நல்லாவே இல்லைங்க" என்றேன்.