திகாம் பத்துவில் வைரஸ்காரனுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்காருகிறவளுக்கு டாக்டரின் முகமும் வேண்டும், பூசாரியின் காதும் வேண்டும். எதையோ தெரியாமல் தட்டிவிட்டு, திரை கறுத்துப்போய், நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். திகாம் பத்து என்ற எங்கள் சின்ன ஊரில், கடை வாசலிலிருந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். மத்தியான மழையில் அது மெல்லக் கரைந்து காணாமல் போகும். உள்ளே வைரஸைத் தேடும் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் ஊர்ந்துபோகும் பச்சைக் கோட்டையே பார்த்திருப்பவர்கள், கொஞ்ச நேரத்தில் பாதித் தூக்கத்தில் பேசுவதுபோலப் பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: இதைச் செய்தவனை என்ன செய்யலாம்?

அப்பாவின் சிரிப்பு

பெண்டாங்கிலிருந்து மோகன் வந்தார். கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர். யாரோ ஆர்டர் என்று அனுப்பிய ஃபைலைத் திறந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. காசு அனுப்பினால்தான் சாவி என்று திரையில் மிரட்டல். அனுப்பியும் சாவி வரவில்லை. கூடவே சுமதி என்ற பெண்ணும் வந்திருந்தாள். பூட்டிய படங்களில் அவள் கல்யாணமும் இருந்தது. தாலி ஏறிய மறுவாரமே அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

"அவனைத் தூக்குல போடணும்க்கா," என்று மோகன் மேசையைத் தட்டினார். கேமராவின் மெமரி கார்டைக் கிளறிச் சில படங்களை மீட்டேன். ஒன்றில் மட்டும் அவள் அப்பா இருந்தார். பந்தி ஓரத்தில், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். சுமதி அந்த முதுகை விரலால் தடவினாள். வெளியே மழை சாரலாகிவிட்டிருந்தது. யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்: "தூக்கெல்லாம் வேணாம்க்கா. சாவி அவன்கிட்ட மட்டுந்தானே இருக்கு? அப்பா எப்படிச் சிரிச்சாருன்னு அவனே வந்து எனக்குச் சொல்லட்டும்."

அவசியம் வாங்க

சுங்கை லாலாங் தோட்டத்து அஞ்சலை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியவில்லை. திறக்காமல் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று திறந்தார். அது போனுக்குள் புகுந்துகொண்டு, அதிலிருந்த எல்லா நம்பருக்கும் அவர் பெயரிலேயே 'அவசியம் வாங்க' என்று அனுப்பிவிட்டது. புருஷனை இழந்தவர். "உனக்கா கல்யாணம்?" என்று தோட்டமே விசாரித்தால் எப்படி இருக்கும்? "அந்தப் பாவிக்கு ரோத்தான் பிரம்பால நாலு அடி கொடுக்கணும்லா," என்று கடையில் அழுதார்.

போனைச் சுத்தம் செய்து கொடுத்த கையோடு அது மணியடித்தது. திரையைப் பார்த்த அக்காவின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. குரூணில் இருக்கும் தங்கச்சி. வீட்டுச் சண்டையில் பேச்சு நின்று பல வருஷம். "நீ கூப்பிட்டிருக்கியேக்கா... எப்ப வரணும்?" என்று அந்தக் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை வா. கோழி அடிக்கிறேன்," என்றார். போனைப் பைக்குள் வைத்தார். குடையை எடுக்கும்போது சொன்னார்: "நாலு வேணாம்லா. ரெண்டு அடி போதும்."

செய்தவள்

லோரி ஓட்டும் ராமையா அண்ணன் ஒரு நாள் மகளோடு வந்து கடைக் கதவை அவரே சாத்தினார். மகள் கவிதா காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பவள். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியர் திட்டிய கோபத்தில், காலேஜ் கம்ப்யூட்டர்களை ஒரு நாள் பூட்டிவைக்க ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டிருக்கிறாள். எழுதியதில் பிழை. மறுநாள் அவளாலேயே திறக்க முடியவில்லை. கூடப் படிக்கும் கூட்டாளிகளின் கடைசி வருஷ வேலையெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

என்னோடு வேலை செய்யும் சூசை அண்ணன், வைரஸ்காரன் கையை வெட்ட வேண்டும் என்று சொல்பவர். அன்றைக்கு அவள் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, எதிர்க்கடையிலிருந்து தேநீர் வாங்கி வந்து வைத்தார். "எப்படியாவது திறந்துடுங்கக்கா," என்றாள் கவிதா. அவள் எழுதியதை வரிவரியாகப் படித்தோம். அழகாகத்தான் எழுதியிருந்தாள். பாதி கிடைத்தது, பாதி போனது போனதுதான்.

அவளே காலேஜில் போய்ச் சொன்னாள். போலீஸ், கோர்ட்டு, அபராதம் எல்லாம் நடந்தது, படிப்பும் நின்றது. பிறகு கூட்டாளிகள் வீடு வீடாகப் போய், இழந்ததை உட்கார்ந்து திரும்பச் செய்துகொடுத்தாள். சிலர் உடனே உள்ளே விட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து ராமையா அண்ணன் கடைப் பக்கம் வந்தபோது, "கோர்ட்டு விஷயம் முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டேன். அவர் வெளியே, மலை இருக்க வேண்டிய இடத்தில் நின்ற மேகத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அது முடிஞ்சுதும்மா. ஒரு பிள்ளை மட்டும் இன்னும் கதவைத் திறக்கல. இவ வாராவாரம் போய் நின்னுட்டு வர்றா."

தூக்கா, ரோத்தானா, கூட்டாளி வீட்டு வாசலா என்று என்னிடம் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், வைரஸ்காரன் புண்ணியத்தில் கடை வாடகை கட்டுகிறவள் நீதிபதி நாற்காலியில் உட்காருவது அவ்வளவு நன்றாக இருக்காது.