மையவாடி மேட்டில் இஜ்ஜாவின் குரல்

“ஓடிட்டாளாம். போன்ல பேசிட்டிருந்த எவன்கூடவோ ஓடிட்டாளாம். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு.”

“உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ஊர்லயே இல்ல. சந்தைக்குக் கழுதை வாங்கப் போயிருந்தாரு. வர்ற வழியில கழுதை சொல்லுச்சாக்கும்?”

ஊர் ரொட்டி அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்படிக் கேட்ட இத்தோ மட்டும் சிரிக்கவில்லை. ஓடிட்டாள் என்று அவர்கள் சொன்ன ஹஸ்னா டீச்சர் இத்தோவின் மாடியறையில் குடியிருந்தவள். வந்த நாளிலிருந்து போன நாள் வரை அவளுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவள் இத்தோ. எனவே எப்படி வந்தாள், எப்படிப் போனாள் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது வாய் உண்டென்றால் அது இத்தோவுக்குத்தான். கேட்க மனமில்லாதவர்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஹஸ்னா மெக்னெஸ் நகரத்துப் பெண். அயித் இக்கோ என்ற நம் மலையூருக்கு அரசாங்கம் அவளை அனுப்பியது. பள்ளிக்கூடம் என்று இங்கே இருப்பது ஒரே அறை, ஒரே விறகடுப்பு. அந்த அறைக்குள் நாலு வகுப்புப் பிள்ளைகள். ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொன்னால் மற்ற மூன்றும் முழங்கையால் இடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு அவளுடைய அரபு புரியாது. அவளுக்கு நம் தமாஸிஃக்த் பேச்சு புரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு காலணியைக் கழற்றுவாள், இன்னொன்றைக் கழற்ற மறந்து அப்படியே சுவரில் சாய்ந்துவிடுவாள். தேநீர் ஆறிப்போகும். இத்தோ மறுபடியும் சுடவைப்பாள், அதுவும் ஆறிப்போகும்.

“திரும்பிப் போயிடு மவளே. முன்னாடி வந்தவங்க எல்லாம் போனாங்கதானே.”

“போகலாம் பெரியம்மா. போறதுக்கும் தெம்பு வேணுமே.”

அப்படியிருந்தவளைத் தூக்கி நிறுத்தியது அந்த போன்தான். நம் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஓர் இடத்தில் மட்டும்: இறந்தவர்களை அடக்கம் செய்யும் மையவாடி மேட்டில், பழைய கபுர்களுக்குப் பக்கத்தில். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஹஸ்னா அங்கே போய் ஒரு பாறையில் உட்காருவாள். பொண்ணு ஒருத்தி தனியாக மையவாடியில் உட்கார்ந்தால் நம் ஊர் என்ன நினைக்கும்? கபுருக்குள் தகடு புதைக்கிறாள், செய்வினை வைக்கிறாள் என்றுதான் நினைக்கும். இத்தோவும் முதல் நாளே சொன்னாள்.

“அங்க போவாதேடி. ஊரு உன்னைச் சூனியக்காரின்னுடும்.”

“வேற எங்க பிடிக்குது, சொல்லுங்க. உங்க கோழிக்கூட்டு மேல பிடிச்சா அங்கயே ஏறி உக்காந்துக்கிறேன்.”

அந்த போனுக்குள் இருந்தவர்கள் எவனும் இல்லை, எவளும் இல்லை, வாத்தியார்கள். மலையிலும் பாலையிலும் ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்களில் தனியாகக் கிடக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு அது. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஸகோராவுக்கு அப்பால் மணற்காட்டில் ப்ராஹிம் என்று ஒரு வாத்தியார். நாலு வகுப்பையும் ஒரே பக்கம் பார்க்க வைக்காதே, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு பலகை மாட்டு, பாதிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பி எழுதட்டும் என்று சொன்னது அவர். கெனீஃப்ரா பக்கத்து மலையில் யாம்னா என்று ஒரு டீச்சர், நம் பேச்சுக்காரி. ‘உட்காரு’, ‘எங்கே வலிக்குது’, ‘பயப்படாதே’ என்று தினமும் சில சொற்களைக் குரலில் பதிந்து அனுப்புவாள். ஹஸ்னா அதை ஆட்டுக்குடலைக் கழுவும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். முதல் தடவை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் உருண்டு சிரித்தன. சிரித்த பிறகு உட்கார்ந்தன.

வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவள் இல்லை அவள். அவளுக்குப் படம் வரையக் கை உண்டு. அவள் வரைந்த ஆடும் ஏரும் பேரீச்சமரமும் எத்தனையோ ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கின்றன.

பிறகு பிள்ளைகளும் உள்ளே நுழைந்தன. நம் பிள்ளைகள் போனில் ஒரு கேள்வி பேசும். ஹஸ்னா அதை மேட்டுக்குக் கொண்டுபோய் அனுப்புவாள். மணற்காட்டுப் பிள்ளைகளின் பதிலை மறுநாள் காலையில் வகுப்புக்குக் கொண்டுவருவாள். ‘உங்க ஊர்ல பனி விழுமா?’ ‘விழாது. உங்க ஊர்ல ஒட்டகம் இருக்கா?’ வராத பிள்ளைகள்கூடப் பதில் கேட்கவென்று வந்தன. ரப்ஹாவின் மகள் இஜ்ஜா, அதுவரை வகுப்பில் வாயே திறக்காத குழந்தை, அந்த போனிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள். மீலூத் என்ற மணற்காட்டுப் பையனுக்கு நம் ஓடையைப் பற்றி அப்படிப் பேசினாள்.

வினை அங்கேதான் வந்தது. இஜ்ஜாவுக்குக் காய்ச்சல் கண்டு தொண்டை வீங்கிப் பேச்சு நின்றிருந்தது. அன்று சாயங்காலம் ரப்ஹா சுள்ளி பொறுக்க மையவாடி மேட்டுக்குக் கீழே போனாள். மேலே கபுர்களுக்கு நடுவிலிருந்து தன் மகள் குரல் கேட்டது. ஓடையில் தண்ணீர் வருகிற சத்தத்தைப் பற்றி, தெளிவாக, சிரித்துச் சிரித்து. முந்தின வாரம் போனில் பதிந்த இஜ்ஜாவின் பேச்சை ஹஸ்னா அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ரப்ஹாவுக்கு அது எப்படித் தெரியும்? சுள்ளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் பிள்ளை வாயைத் திறக்கிறது, குரல் வரவில்லை.

“எம்பொண்ணு குரலை எடுத்து மையவாடியில வச்சிருக்கா!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. பெற்ற வயிறு, இத்தோ அவளைக் குறை சொல்லமாட்டாள். ஆனால் ஊர் செய்ததைச் சொல்லாமலும் விடமாட்டாள். மறுநாளே பிள்ளைகளை நிறுத்தினார்கள். ரப்ஹாவின் புருஷன் ஹம்மு ஒரு புகார் எழுதிவைத்து எல்லாரிடமும் கைநாட்டு வாங்கிக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினான். பிள்ளைகள் வராவிட்டால் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் கணவாய் தாண்டி அடுத்த ஊருக்குத்தான் போகவேண்டும். ஆண்பிள்ளைகள் போகும். இஜ்ஜாவைப் போன்றவர்களை யார் அனுப்புவார்கள்?

ஹஸ்னா தினமும் போய் வெற்று அறையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

“வீடு வீடாப் போய்ச் சொல்லேண்டி.”

“சொன்னேன் பெரியம்மா. போனை எடுத்தாலே கதவைச் சாத்துறாங்க. குழுவுலயும் சொல்லி அழுதாச்சு. இனி அழவும் முடியல.”

குழுவில் அழுதது வீண்போகவில்லை. இரண்டொரு நாளில் ஒரு குரல் வந்தது. இந்தத் தடவை வாத்தியார் குரல் இல்லை. இத்தோ அந்த போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ரப்ஹா வீட்டுக்குப் போனாள்.

“அதை உள்ள கொண்டு வராத, இத்தோ!”

“எனக்கு என்ன ஆச்சு? என் குரல் போச்சா? போயிருந்தா உன் புருஷன்தான் ஊருக்கே விருந்து வச்சிருப்பான். உக்காரு. பொம்பளை ஒருத்தி உன்கிட்டப் பேசணுங்கிறா.”

போன் பேசியது. உச்சரிப்பு வேறு மாதிரி இருந்தாலும் நம் பேச்சுதான்.

“அக்கா, நான் மீலூத்தோட அம்மா. உன் பொண்ணு எங்க வீட்டுல பேசிச்சு. உங்க ஓடை சத்தத்தைப் பத்தி. இங்க நாலு வருஷமா ஆத்துல தண்ணியே இல்ல, எங்க மாமியார் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாங்க. பிள்ளைக்கு உடம்பு முடியலன்னு வாத்தியார் சொன்னாரு. தொண்டைக்கு என்ன குடுத்தே?”

ரப்ஹா போனைப் பார்த்து, சண்டைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, “ஓமம் காய்ச்சிக் குடுத்தேன்” என்றாள். “தேன் போட்டேன். நீங்க என்ன குடுப்பீங்க?”

இத்தோவுக்கு அதைப் பதியத் தெரியாது. மாடியிலிருந்த ஹஸ்னாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். ஹஸ்னா வாசற்படியில் நின்றாள். உள்ளே வா என்று ரப்ஹா சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

இஜ்ஜாவின் தொண்டை தானாகத் தேறியது. பிள்ளைகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. ஆனால் புகார் போய்ச் சேர்ந்திருந்தது. மலையேறி வந்த அதிகாரி, மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்: இத்தனை கைநாட்டு இருக்கும்போது இந்த டீச்சரை இங்கே வைக்கமுடியாது, இந்தக் குளிருக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்கமாட்டார்கள், அதனால் அறையைப் பூட்டலாம். ஹம்முவே கைநாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான்.

“வச்ச கட்டைவிரலை எப்படிய்யா திரும்ப எடுப்பே?” என்றார் அதிகாரி.

வர ஓர் ஆள் இருந்தாள். இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று ஹஸ்னா குழுவில் கேட்டாள். யாம்னா சம்மதம் என்றாள். நம் பேச்சுக்காரி, இங்கே வந்து நிற்பாள், அறை பூட்டப்படாது. அதற்குப் பதில் ஹஸ்னா யாம்னாவின் மலைக்குப் போகவேண்டும். அறையைப் பூட்டி அரசாங்கமே அவளை மாற்றியிருந்தால் இங்கே இருந்த காலம் கணக்கில் நின்றிருக்கும், இன்னும் ஒரு வருடத்தில் மெக்னெஸ்ஸில் தாயாருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும். தானே கேட்டு இடம் மாறினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

“உங்கம்மாகிட்ட என்னடி சொல்லுவே?”

“அடுத்த மலைன்னு சொல்லுவேன். அவங்களுக்கு எல்லா மலையும் ஒண்ணுதான்.”

யாம்னா வந்து இறங்கி இரண்டு நாள் ஹஸ்னாவோடு ஒரே வகுப்பில் நின்றாள். அவள் வந்த அன்றுதான் இருவரும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் பிரிந்துபோன அக்காதங்கை மாதிரி அடுப்பு விறகைப் பற்றியும் கசியும் கூரையைப் பற்றியும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

அவள் போனது பட்டப்பகலில், பள்ளிக்கூட நேரத்தில். ஊர் கூடி வழியனுப்பவில்லை என்கிறீர்களே, அந்த நேரத்தை அவளேதான் கேட்டு வாங்கினாள். பிள்ளைகளை வெளியே விடாதே என்று யாம்னாவிடம் சொல்லியிருந்தாள். இத்தோவின் கை மாவில் இருந்தது, கட்டிப்பிடிக்க முடியவில்லை. ஹஸ்னா குனிந்து அவள் தலையில் முத்தமிட்டாள். தெருக்கோடியில் அந்த ஒற்றை அறையிலிருந்து நாலு வகுப்பும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. அதைச் சற்று நின்று கேட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிக் கோவேறு கழுதை நின்ற பக்கம் நடந்தாள்.