சுவருக்குப் பின்னால் அலறுபவர்

வெந்நீரில் உப்பைப் போட்டு அண்ணாந்து கொப்பளிப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆ..." என்று மெல்ல இழுத்துப் பார்ப்பார். சரியாக வந்தால் தலையாட்டல். வராவிட்டால் இன்னொரு மிடறு. பாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அலறுவதற்குத் தயாராகிறார்.

கல்லூரியில், உளவியல் பிரிவின் உதவியாளர். மேசை துடைப்பது, நாற்காலி போடுவது, சாவியைப் பத்திரமாக வைப்பது எல்லாம் வேலை. அலறுவதுதான் தொழில். மேலே நிற்பவர் "செய்" என்று சொன்னால் சாதாரண மனிதன் எதுவரை போவான் என்று வெளிநாட்டில் அந்தக் காலத்தில் ஒரு சோதனை செய்தார்களாம். பாடப்புத்தகத்தில் அது வருகிறது. பேராசிரியை அம்மா அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு மாணவரை அழைத்து, விசைகள் வரிசையாக உள்ள பெட்டியின் முன் உட்காரவைப்பார். நம் ஆளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள். அதை அந்த மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கதவு சாத்தப்படும். மனப்பாடம் செய்த சொற்களை நம் ஆள் தப்பாகச் சொல்லச் சொல்ல, மாணவர் ஒவ்வொரு விசையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பலமான மின்சாரம். சுவருக்குப் பின்னாலிருந்து முதலில் முனகல், அப்புறம் கத்தல், அப்புறம் அலறல். "போதும்மா, என்னை விட்டுடுங்க!" நிறுத்தலாமா என்று மாணவர் திரும்பினால், பேராசிரியை அம்மா ஒரே சொல்தான் சொல்வார்: "தொடருங்கள்."

ஒரு பொட்டு மின்சாரமும் கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெட்டி பழுதானபோது என்னிடம்தானே வந்தது!

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவியவன். அடுத்தவன் கடையில் கூட்டிப் பெருக்கித் தொழில் கற்றேன். இன்று இந்த வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் என் கைபட்டுத்தான் மறுபடி சுற்றும். தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பெருமைப்பட ஒன்றும் இல்லாதவன்தான் அடக்கமாக இருக்க வேண்டும்.

ஒரு விளக்கு எரியவில்லை என்று நம் ஆள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கத்தைக் கழற்றினேன். விளக்குகளுக்கும் மணிக்கும் மட்டும் கம்பி போகிறது. அடுத்த அறைக்குப் போக வேண்டிய தடித்த கம்பி உள்ளே எதிலும் சேராமல் தொங்குகிறது.

"யாருய்யா இந்த லட்சணத்துல செஞ்சது? கரண்டு எப்படிப் போகும்?"

"போகக் கூடாதுண்ணே. மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

விஷயத்தைச் சொன்னார். எங்கே, ஒன்று போட்டுக் காட்டு என்றேன். போட்டார். எதிர்க்கடைத் தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்துவிட்டார். மின்சாரத்திடம் நிஜமாக அடி வாங்கி அலறியவன் நான். என் மயிர்க்காலே குத்திட்டு நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் விடவில்லை. "கரண்டு பலமாப் புடிச்சா குரலே வராது தம்பி" என்றேன்.

"அதுவும் இருக்குண்ணே. கடைசி விசைங்களுக்கு நான் சத்தமே போட மாட்டேன். அதுதான் கஷ்டம்."

"சும்மா இருக்கறது ஒரு கஷ்டமா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க மூச்சு விடறது கேக்கும்ணே."

இது ஒன்றுதான் அவர் வித்தை என்று எண்ண வேண்டாம். எத்தனை பேர் தூக்கிவிட வருகிறார்கள் என்று பார்க்க, தாழ்வாரத்தில் கைத்தடியோடு விழுவார். சட்டையில் அழுக்குப் படாமல் விழுவார், அதுதான் அழகு. வாசலில் நின்று வெறும் வானத்தை முறைத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே அண்ணாந்து நிற்கும். இவர் மெல்ல நழுவி வந்து தேநீர் குடிப்பார். வீட்டிலோ வாய் திறக்காத மனிதர். ஒருநாள் ஆணி அடிக்கும்போது சுத்தியல் கட்டைவிரலில் இறங்கி, பாவம், உண்மையாகவே அலறிவிட்டார். உள்ளேயிருந்து மனைவி கேட்டாராம்: "இன்னிக்குக் காலேஜ் லீவுதானே? எதுக்கு இந்தப் பாடு?"

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. சோதனை முடிந்ததும் கதவைத் திறந்து வந்து, விசை அழுத்தியவர் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். "பாத்துக்கங்க, முழுசா இருக்கேன்." பிறகு கைகுலுக்குவார். பேராசிரியை அம்மா எவ்வளவு விளக்கினாலும் சரி, இது நடக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார். "அம்மா சொல்றது காதுக்குப் போகும்ணே. கையைப் பாத்தாத்தான் தூக்கம் வரும்."

என் பேத்தி அதே பிரிவில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அவர் கடைக்கு வந்து, பெட்டியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

"விட மாட்டேன். ஆனா ஒண்ணு எழுதி வெச்சுக்க. அவ என் ரத்தம். ரெண்டாவது விசையிலயே எந்திரிச்சுப் போயிடுவா."

அவர் சிரிக்கவில்லை. "எல்லா வீட்டுலயும் அப்படித்தாண்ணே சொல்றாங்க."

அவள் கடைசி விசைவரை அழுத்தினாள்.

எல்லாம் பாவனைதான் என்று பேராசிரியை அம்மா சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிட்டாளாம். நம் ஆள் பட்டையை அவிழ்த்துக் கதவைத் திறந்தபோது நாற்காலியில் அவள் பைதான் கிடந்தது.

வீட்டுக்கு வந்தவள் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் கல்லூரிக்குப் போகவில்லை. "பேரை எடுத்துடுங்க தாத்தா. மனுசங்களைப் பத்திப் படிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

"அது பொம்மைப் பெட்டிடி. நானே கழட்டிப் பாத்திருக்கேன்."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. தெரியாமத்தானே அழுத்தினேன்?"

எரிந்த மோட்டார் எதற்கும் மருந்து வைத்திருக்கும் என்னிடம் இதற்கு ஒரு திருகாணிகூட இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வந்தார். வழக்கம்போல மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "கத்திக் கத்தி ஒரு புள்ளையோட படிப்பையே கெடுத்துட்டியே! நல்லா இருப்பியா நீ?"

"திட்டுங்கண்ணே. திட்டி முடிச்சதும் வழி விடுங்க. நான் உங்களைப் பாக்க வரல."

அறைக்கதவின் முன் போய் நின்றார். தட்டவில்லை.

"பாப்பா, பையைக் கொண்டாந்திருக்கேன். கையைக் காட்டிட்டுப் போயிடறேன்."

உள்ளேயிருந்து, "நான் நிறுத்தவே இல்லையே" என்று குரல் வந்தது.

"நிறுத்தலதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்னால் வாய் வெந்தா போகும்? அவரோ கதவைப் பார்த்தே பேசினார். "ஆனா அஞ்சாவது விசையில நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்ச. 'அவருக்கு என்னாச்சுன்னு பாருங்க மேடம்'னு கேட்ட. அப்புறமும் விடாமக் கேட்டுக்கிட்டே இருந்த. எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுட்டு அழுத்தினேன்."

"ஆமா பாப்பா. கேட்ட. அழுத்தவும் அழுத்தின. ரெண்டும் கேட்டுச்சு."

தாழ்ப்பாள் விலகியது. அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். வழக்கம்போல அவர் கைகளை விரித்தார். "பாத்துக்க, முழுசா இருக்கேன்." பிறகு குலுக்குவதற்காக வலக்கையை நீட்டினார்.

அவள் குலுக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். பட்டை கட்டிய இடத்தில் விரலை வைத்து, தோலில் எங்காவது தடம் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் அசையவில்லை. பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தவர், பல்லால் கடித்து இடக்கைப் பொத்தானைக் கழற்றி, அந்தக் கையையும் அவளிடம் நீட்டினார்.