மாடி அறையின் பதிவுக் கொப்பியும் ரிஸ்வியா ராத்தாவும்

செய்தி வந்தபோது நான் கல்முனைத் தபாலகத்தில் பதிவுத் தபால் வரிசையில் நின்றிருந்தேன். கையிலிருந்த உறையில் முகவரி எழுதியிருந்தவர் ரிஸ்வியா ராத்தாதான். முந்திய நாள் பின்னேரம் அதைத் தந்து, "காலையிலயே போட்டுருங்க தம்பி, நாளையோட தவணை முடியுது" என்று சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். தொலைபேசி அடித்தது. மறுபக்கம் சிவராணி அழுதுகொண்டிருந்தார்.

"நவாஸ், எங்கட ரிஸ்வியாக்கா விடிய மோசம் போயிட்டாவாம். நெஞ்சு நோகுது எண்டு சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சிதாம்."

'இன்னா லில்லாஹி' என்று வாய் சொல்லிக்கொண்டது. கால்கள் வரிசையை விட்டு நகரவில்லை. தவணைக் கடிதத்தைப் போடாமல் மையத்து வீட்டுக்குப் போயிருந்தால், அந்த மனுசி கபன் துணிக்குள் இருந்தபடியே என்னை ஏசியிருப்பார். முறை வரும்வரை நின்று, கடிதத்தைப் போட்டு, பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மருதமுனைக்குப் போனேன்.

அவரைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். கல்முனைப் பிரதான வீதியில், ஓர் இரும்புக்கடைக்கு மேலே நீளமான அறை ஒன்று இருக்கிறது. நான்கு சிறிய அமைப்புகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அரசாங்கக் கந்தோர்களிடம் தகவல் கேட்டு மக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது எங்கள் அமைப்பின் வேலை. தம்பிலுவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் சிவராணியின் பெண்கள் அமைப்பு காணிப் பிரச்சினைகளைப் பார்த்தது. மற்ற இரண்டில் ஒன்று மாநகர சபைக் கூட்டங்களில் போய்க் குந்தியிருந்து குறிப்பெடுத்தது, இன்னொன்று தேர்தல் காலத்தில் மட்டும் உயிர்த்தெழுந்தது. தனித்தனியாக இடம் பிடிக்க எவருக்கும் வசதியில்லை. ஆகவே ஓர் அச்சியந்திரம், ஒரு நீண்ட மேசை, அடிக்கடி அடைத்துக்கொள்ளும் ஒரு கழிவறை என்று கூட்டுக் குடித்தனம் நடத்தினோம். அந்த அறையை நடத்தியவர், எங்கள் எல்லோருக்கும் அக்காவான ரிஸ்வியா ராத்தா. பதவிப் பெயர் ஒருங்கிணைப்பாளர். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் நீண்ட காலம் மனு தட்டச்சுச் செய்தவர். கடுதாசியின் குணம் அவருக்கு அத்துப்படி.

முதல் சண்டை பெயர்ப்பலகையில் வந்தது. படிக்கட்டுச் சுவரில் ஒரு பலகைக்குத்தான் இடம். எந்த அமைப்பின் பெயர் மேலே வருவது என்று இரண்டு கிழமை பேசினோம், கூட்டக் குறிப்புக்கூட எழுதினோம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பலகை மாட்டியாகிவிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. 'மாடிக்கு வாங்க' என்று மட்டும் எழுதியிருந்தது. நான் கோபமாகக் கேட்டேன். "வாற சனத்துக்கு வழிதானே தெரியணும், உங்கட பேர வெச்சி என்னத்தச் செய்ற?" என்றார்.

அடுத்தது பூட்டுச் சண்டை. நான்கு அலுமாரிகள், நான்கு ஆமைப்பூட்டுகள். ஓர் அமைப்பின் திட்ட முன்மொழிவை மற்றது பார்த்துவிடக் கூடாது என்று நாங்கள் காவல் காத்த காலம் அது. ரிஸ்வியா ராத்தா கதவோரச் சுவரில் ஓர் ஆணி அடித்தார்.

"கவர்மெண்டுக்கிட்ட எல்லாத்தையும் தொறந்து காட்டுங்க எண்டு கேக்கிறம். எங்கட அலுமாரிக்கு மட்டும் என்னத்துக்கு ஆமைப்பூட்டு? சாவிகள இதில கொழுவுங்க."

சிவராணி அன்றைக்கே கொழுவினார். நான் மூன்று மாதம் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அறையின் நடுவில் தடித்த அட்டை போட்ட பதிவுக் கொப்பி ஒன்று இருந்தது. யார் வந்தார், என்ன கேட்டார், எந்தக் கந்தோருக்கு எழுதினோம், எந்தத் திகதிக்குள் பதில் வர வேண்டும், பொறுப்பாளர் யார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டிருந்தார். வருகிறவர் தந்த கடுதாசிக்குக் கையெழுத்திட்ட ஒரு துண்டு கொடுத்தே ஆக வேண்டும். "கையில ஒண்டும் இல்லாம ஒருத்தரையும் படி இறக்காதீங்க" என்பது அவருடைய கட்டளை.

சபீனாவைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு ரிஸ்வியா ராத்தாவுக்கு அஞ்சலி எழுதினால் அது பொய்.

சபீனா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். கணவர் இல்லை. காணியற்ற குடும்பங்களுக்குத் துண்டுக் காணி கொடுக்கும் முதல் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது, இறுதிப் பட்டியலில் இல்லை. ஏன் வெட்டினார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டு பட்டியலையும் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காணி விடயம் சிவராணியுடையது, தகவல் விண்ணப்பம் என்னுடையது. ஆகவே பொறுப்பாளர் என்ற கட்டத்தில் 'பொது' என்று எழுதினேன். அது பெருந்தன்மையாகவும் ஒற்றுமையாகவும் தெரிந்தது.

பதினான்கு வேலை நாள் கழிந்தும் கந்தோர் பதில் தரவில்லை. அப்படியானால் அடுத்த பதினான்கு நாளுக்குள் மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். சிவராணி செய்வார் என்று நான் இருந்தேன். நவாஸ் செய்வார் என்று அவர் இருந்தார். ஊர்க் கந்தோர்களின் நாட்களை எண்ணி எண்ணிக் குற்றம் சொல்கிற நாங்கள் எங்கள் நாளை எண்ணவில்லை. தவணை போய்விட்டது. அது எனக்குத் தெரிந்த பிறகும் சபீனா இரண்டு தடவை படியேறி வந்தார். "கந்தோரிலருந்து இன்னும் பதில் வரல்ல தங்கச்சி" என்றேன். பதில் வராதது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அதற்கிடையில் காணிகளைப் பகிர்ந்து கொடுத்து முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் முறை சபீனா ஒரு கொப்பித் தாளோடு வந்தார். இப்படியான அமைப்புகளும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்று எங்கள் கூட்டமொன்றில் நானே வாய் கிழியச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. 'எனது விடயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், யார் செய்தது' என்று எழுதியிருந்தார். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். ரிஸ்வியா ராத்தா எழுந்து வந்து, தாளை வாங்கி, 'கிடைக்கப் பெற்றது' முத்திரையைக் குத்தி, துண்டு எழுதிக் கொடுத்தார்.

"பதினாலு வேல நாளைக்குள்ள பதில் தருவம் புள்ள. தராட்டி என்ன செய்யணும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

சபீனா இறங்கிப் போனதும் நான் வெடித்தேன். "ராத்தா, இத எழுத்தில குடுத்தா நாளைக்கு ஒவ்வொரு கந்தோர்லயும் காட்டிச் சிரிப்பாங்க. எங்கட பேர் என்னத்துக்கு ஆகும்?"

"பேர் கெட்டுப் போகும் எண்டுதானே அங்க இருக்கிற கிளாக்கரும் பைல் இல்ல எண்டு சொல்றாரு" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நீங்களும் அதையே சொல்லப் போறீங்களா தம்பி?"

அந்தப் பதிலை நான்கு தடவை எழுதினேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கினேன். "எது தவிர்க்க ஏலாத காரணம்? மழையா பெஞ்ச?" என்று வெட்டினார். 'எமது அமைப்பு தவறிவிட்டது' என்று எழுதினேன். "அமைப்புக்குக் கை இருக்கா? செய்யாம விட்ட ஆரு?" கடைசியில், 'மேன்முறையீடு செய்ய வேண்டியவன் நான். செய்யவில்லை. நீங்கள் வந்து கேட்டபோது மறைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதன் கீழே, 'கொப்பியைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை' என்று எழுதித் தானும் கையெழுத்திட்டார். அதோடு விடவில்லை. ஒரு பிரதி எடுத்துப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார்.

ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு என் மேசையில் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சக்கரையும் வந்துகொண்டே இருந்தன. கோபத்தோடு குடித்தேன்.

சபீனா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எங்களை ஏசவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இனி நான் என்ன செய்ற?" என்று கேட்டார். "திரும்ப எழுதுவம்" என்று சொல்லிவிட்டு, ராத்தா புதுப் பக்கம் திறந்து பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். அன்றிலிருந்து 'பொது' என்ற சொல்லுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை என்று எங்களுக்கு அறிவித்தார்.

இதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடக்கவில்லை. அலைந்து அலைந்து பட்டியல்களை வாங்கினோம். சபீனாவின் பெயருக்கு நேரே 'நிரந்தரமாக வசிக்கவில்லை' என்று இருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போட வெளிநாடு போன காலத்தைக் காட்டி வெட்டியிருக்கிறார்கள். திருத்தக் கேட்டோம், விசாரணை வைத்தார்கள், விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போனார், வந்தவர் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். வருடங்கள் போயின. சபீனா இன்றைக்கும் தங்கையின் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார்.

அதற்கிடையில் வெளிநாட்டு உதவி நின்றது. சபைக் கூட்டங்களுக்குப் போன அமைப்பு முதலில் மூடிக்கொண்டது, தேர்தல் அமைப்பு சொல்லாமலே போனது. ஆணியில் நான்கு சாவிகளும் தொங்கின. திறந்து பார்க்க இரண்டு அலுமாரிகளில்தான் ஏதாவது இருந்தது. சிவராணி கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வந்தார். ரிஸ்வியா ராத்தா மட்டும் வழமை போல எட்டரைக்கு வந்து யன்னலைத் திறந்தார்.

அவர் மௌத்தாவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் நானும் போகப் போவதாக அவரிடம் சொன்னேன். மருமகனின் கடையைப் பார்க்க ஆள் தேவை என்றேன். அது பாதிக் காரணம்தான்.

"களைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா. எழுதி எழுதி ஒண்டும் நடக்கல்ல."

"எனக்கும்தான் களைப்பு" என்றார். "போறதெண்டா போங்க தம்பி, ஒருத்தரையும் கட்டி வைக்க ஏலா. உங்கட பேர் இருக்கிற பக்கங்கள மட்டும் ஆருக்கிட்டயாவது குடுத்துட்டுப் போங்க. பொது எண்டு மட்டும் எழுதிராதீங்க."

அன்று பின்னேரமே உட்கார்ந்து பதினொரு பக்கங்களில் என் பெயரை வெட்டிவிட்டு 'ரிஸ்வியா' என்று எழுதினேன். வேறு யாருடைய பெயரை எழுதுவது? அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "சரி" என்றார். அந்த நாட்களில் அவர் அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொண்டார். வயிற்றில் கேஸாக்கும் என்று இஞ்சித்தண்ணி குடித்தார். நானும் கேஸ் என்றே நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. இதை நினைக்க எனக்குத் தாங்க முடியவில்லை.

பின்னேரம் அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை நடந்தது. கடற்பக்கம் உள்ள மையவாடியில் அடக்கினோம். மூன்று பிடி மண் போடும்போது சட்டைப் பையில் பற்றுச்சீட்டு சரசரத்தது. சிவராணி வீட்டில் பெண்களோடு இருந்தார். நான் திரும்பி வந்தபோது, சபீனாவும் அங்கே குசினியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

இனி அறையை மூடிவிடுவது என்று முடிவெடுத்து, நான்காம் நாள் அதன் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பதற்காக மாடிக்குப் போனேன். சிவராணியும் வந்திருந்தார். சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருக்கையில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சபீனா.

"காக்கா, மேல உள்ள ஆணைக்குழுவுக்கு என்ட கடிதம் போடணும் எண்டு ராத்தா சொன்னாங்க. தவணைக்குள்ள போட்டாச்சா?"

சட்டைப் பையிலிருந்த பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். தபாலகத்தில் நான் வரிசையில் நின்று போட்டது, விசாரணை அறிக்கை கேட்டு ராத்தா எழுதிய இந்தப் பெண்ணின் மேன்முறையீட்டைத்தான். சபீனா திகதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். இனி இத ஆரு பாக்கிற?"

படிக்கட்டுச் சுவரில் என் கடிதம் மஞ்சளாகி ஒட்டியிருந்தது. கொப்பியை இழுத்து, சபீனாவின் பக்கத்தைத் திறந்தேன். பொறுப்பாளர் கட்டத்தில் ராத்தாவின் கையெழுத்து. அதை ஒரு கோட்டால் வெட்டி என் பெயரை எழுதினேன். தைரியம் வந்து எழுதவில்லை. களைப்பு அப்படியேதான் இருந்தது. சபீனாவைக் கையில் ஒன்றும் இல்லாமல் படி இறக்க என்னால் முடியவில்லை. ஒரு துண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு சிவராணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராத்தாவின் பெயரிலிருந்த மற்றப் பக்கங்களை இருவரும் எங்கள் பெயர்களில் பங்கிட்டு எழுதிக்கொண்டோம். முடிக்கும்போது மதியம் லுஹர் பாங்கு சொன்னது. அன்றைக்குச் சாவியைக் கொடுக்கவில்லை, இன்னும் கொடுக்கவில்லை.

ராத்தா, அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். கொப்பியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். உங்கள் பெயரில் இப்போது ஒரு பக்கமும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.