அசையாத கடலும் எழுபத்தைந்து மார்க்கும்

என் கணவர் ஏலியோ, நாங்கள் பிழைக்க வந்த ஹாமில்டன் நகரத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். முழங்கால் போட்டே செய்கிற வேலை. போன வருடம் டாக்டர், இரண்டு முட்டியும் இன்னும் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார். கட்டட வரைபடம் போடுகிற படிப்புக்கு இவர் கல்லூரியில் இடம் கேட்டார். இடம் உண்டு, ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில், சார்புகள் என்கிற பாடத்தில், எழுபது மார்க் வேண்டும் என்று கடிதம் வந்தது.

அதனால் நாற்பத்தாறு வயதில், பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஜூன் வந்தபோது கையில் இருந்தது அறுபத்தெட்டு. மொத்த மார்க்கில் நூற்றுக்கு முப்பது பங்கு கடைசிப் பரீட்சைக்கு; எழுபதைத் தொட வேண்டுமானால் அதில் எழுபத்தைந்து வாங்கியாக வேண்டும். இந்தக் கணக்கை எங்கள் மகள் மிலேனாதான் போட்டுச் சொன்னாள். பத்தாவது படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன்ப்பா, எங்க டீச்சர் ஃபெயில் ஆனா அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க. நீங்க ஃபெயில் ஆனா யாரைக் கூட்டிட்டுப் போறது?"

"உன்னத்தான் கூட்டிட்டுப் போவேன். போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் கை சும்மா இருக்காது. பென்சில் முனையைக் கடித்துக் கடித்துத் துப்புவார். வேலையிலிருந்து வந்ததும் சூப்பைக் குடித்துவிட்டு ஒரு மாதிரித் தேர்வு எழுதுவார். நான் சரியான விடைகள் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பேன். நாங்கள் பிறந்த தீவின் பள்ளியில் எனக்கு நாலு வகுப்புதான். கணக்கு புரியாது, ஆனால் இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கத் தெரியும். முதல் தாளில் ஐம்பத்தெட்டு. அடுத்ததில் அறுபத்தொன்று. மூன்றாவதில் மறுபடி ஐம்பத்தெட்டு. பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"எனக்கு மண்டைல ஏறல ஒடீலியா. விட்டுடலாம்."

மனதுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். அவர் முன்னால் அழக் கூடாது என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துறைமுகத்தில் எந்த மணிக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று ஒரு கேள்வி. மூன்று மணிக்கு 3.1 மீட்டர் என்று எழுதியிருந்தார். ஒன்பது மணிக்கு 3.2. என் கையிலிருந்த விடைகளில் மூன்று மணிக்கு ஐந்து, ஒன்பது மணிக்கு ஒன்று என்று இருந்தது.

"ஏலியோ, இங்க பாருங்க. இந்தக் கடல் அசையவே இல்லையே."

"என்ன?"

"ஆறு மணி நேரம் ஆயிருக்கு, தண்ணி அங்கேயே நிக்குது. நம்ம தீவுலகூட இதவிட ஏறி இறங்குமே. குளத்துக்கா கணக்குப் போட்டீங்க?"

தாளை வாங்கிப் பார்த்தார். பழைய தாள்களையும் இழுத்துப் போட்டார். அலை போல ஏறி இறங்குகிற கணக்கெல்லாம் தப்பு. மற்றவை பெரும்பாலும் சரி. மிலேனா ஈரக் கையோடு வந்து கால்குலேட்டரை எட்டிப் பார்த்தாள். அதன் பொத்தான்களுக்கு நடுவே வெள்ளை சிமெண்ட் தூசி.

"அப்பா! இதை வேலைக்கும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஆமா. மூலைக் கல்லு வெட்டணும்ல, கோணம் பார்க்க வேணாமா?"

"அதான் டிகிரில நிக்குது! இந்தக் கணக்கை ரேடியன்ல போடணும்னு தாள்லயே போட்டிருக்கே. வகுப்புல டீச்சர் சொல்லிருப்பாங்களே?"

"சொன்னாங்க. மாத்தியும் வெச்சேன். மறுநாள் வேலைல திருப்பிருக்கேன்."

கோணத்தை அளக்க இரண்டு வழி இருக்கிறதாம். கல் வெட்ட ஒன்று, இந்தப் பாடத்துக்கு இன்னொன்று. காலையில் ஒன்றுக்குத் திருப்பியவர் மாலையில் மற்றதற்குத் திருப்ப மறந்திருக்கிறார். எத்தனை மாலை என்று அவருக்கே தெரியவில்லை. வருடம் முழுக்கப் போன மார்க்கை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எழுபத்திரண்டு வந்தது. அப்புறம் எழுபத்து நாலு. பரீட்சைக்கு முந்தின நாளும் எழுபத்து நாலுதான். இன்னும் ஒரு மார்க் வேண்டும்.

பரீட்சை காலை ஒன்பதுக்கு. அவரை இறக்கிவிட்டு, பக்கத்துக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று மூன்று முறை மறந்து, முதலிலிருந்து தொடங்கினேன். கடவுள் மன்னிக்கட்டும், வாய்தான் ஜெபித்தது.

பன்னிரண்டுக்கு வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரேடியன்ல இருக்கா இருக்கான்னு ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தேன். பார்த்துப் பார்த்தே நேரம் போச்சு. கடைசிக் கேள்வி தொடவே இல்ல. ஆறு மார்க்."

வீடு வரும்வரை, நூறில் ஆறு போனால் மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டுக்கொண்டே வந்தேன்.

ஐந்தாம் நாள் மார்க் வந்தது. மிலேனாதான் திறந்தாள். அவள் கேலி செய்யவில்லை.

"பரீட்சைல எழுபத்தாறு. மொத்தம்..." குரல் உடைந்தது. "எழுபதுப்பா."

அவர் எழுந்து வந்து அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மார்க் போயிருந்தா?"

"போகலையே" என்றேன்.

பிறகு மேஸ்திரிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, செப்டம்பர்லேர்ந்து நான் வரல."

"ஏன்டா, வேற எந்த மேஸ்திரி கூட்டத்துல சேர்ந்துட்ட?"

"பள்ளிக்கூடத்துலண்ணே."

போனைக் காதில் வைத்தபடியே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மெல்ல மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்தார்.